நாணயத்தின் கதை – 12: காசும் கேஷும்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று யார் பட்டியல் போட்டாலும், கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் மிளகுத்தண்ணீருக்கும் பக்கத்தில் காசு தவறாமல் இடம்பெறும். வங்கியிலும் கடையிலும் பேருந்திலும் உலகம் முழுக்கப் புழங்கும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம் காசின் மறுவடிவம் என்று பள்ளி மேடைகளில் தொடங்கி மாநாட்டு மலர்கள் வரை சொல்லி வருகிறோம். ஓசை ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. இதுவரை கல்வெட்டுகளிலும் கணக்கேடுகளிலும் நாணயங்களைத் தேடிவந்த நாம், இந்த இதழில் ஒரு நாணயத்தின் பெயரைத் தேடிப் போவோம். பணம் என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் கேஷ், காசிலிருந்து பிறக்கவில்லை என்பது என் முடிவு. ஆனால் அதே எழுத்துகளோடும் அதே ஒலியோடும் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் இருக்கிறது. அது ஐயத்துக்கு இடமில்லாமல் நம்முடையது. முதல் கேஷுக்கு நாம் உரிமை கொண்டாடும் ஆரவாரத்தில், இந்த இரண்டாவது கேஷ் கடந்துபோன தூரத்தை மறந்துவிட்டோம்.

முதலில் நம் காசின் பழமையைப் பார்த்துவிடலாம். குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், வேப்பம்பழத்தை வளைந்த அலகில் கவ்விய கிளியைக் காட்டுகிறார். புது நூலில் பொற்காசு ஒன்றைக் கோக்க முயலும் கைவினைஞனின் நகத்தை அதற்கு ஒப்பாகச் சொல்கிறார். இங்கே காசு என்பது கழுத்தணியில் ஏறும் பொன் துண்டு. காசுமாலை என்று இன்றும் நாம் சொல்வதில் இருப்பது இந்தப் பழைய காசுதான். தேவார காலத்துக்கு வந்தால் காசு கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறது. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலைக் கோயிலில் சம்பந்தரும் அப்பரும் நாள்தோறும் ஒவ்வொரு காசு பெற்று அடியாருக்கு அமுது செய்வித்ததாகச் சொல்லும் வரலாறு எல்லோரும் அறிந்தது. சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்கு வணிகர்கள் வாசி, அதாவது வட்டக் கழிவு, கேட்டார்கள். அந்த வாசி தீரவேண்டும் என்றே அவர் பதிகம் பாடினார். பக்தி ஒருபுறம் இருக்க, நாணய வரலாறு எழுதுகிறவனுக்கு இது பெரும் செய்தி. காசுக்குக் காசு மாற்று வேறுபட்டதும், அதை உரசிப் பார்த்துக் கழிவு போடும் கூட்டம் அங்காடியில் இருந்ததும் இதனால் தெரிகின்றன. சோழர் கல்வெட்டுகளிலோ காசு, ஈழக்காசு, பழங்காசு, அன்றாடு நற்காசு என்று வகைகள் பெருகுகின்றன. கோயில் விளக்குக்கு நெய் ஊற்றக் காசுகளை முதலாக வைத்து, அதன் வட்டியில் தருமம் நடத்திய ஏற்பாடுகளுக்குக் கணக்கில்லை. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொன்ன இலக்கணிகளுக்குக்கூடக் காசு எளிதில் நாவில் வந்த சொல்லாக இருந்திருக்கிறது. பொன்னில் தொடங்கிய இந்தப் பெயர் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இறங்கி, ஐரோப்பியர் வந்த காலத்தில் சிறிய செப்புக்காசைக் குறிக்கும் பெயராகவும் ஆகியிருந்தது.

இனி ஆங்கிலக் கேஷ். 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான் அது ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அப்போது அதற்கு இரண்டு பொருள் இருந்தன: பணம் வைக்கும் பெட்டி, அந்தப் பெட்டியில் இருக்கும் பணம். லண்டனில் வாழ்ந்த ஜான் ஃப்ளோரியோ 1598இல் ஓர் இத்தாலிய – ஆங்கில அகராதி வெளியிட்டார். ‘காஸ்ஸா’ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பெட்டி, பேழை என்று பொருள் சொல்லிவிட்டு, வணிகனுடைய கேஷ் என்றும் சேர்த்திருக்கிறார். அடுத்த ஆண்டளவில் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், பந்தயக் கடனுக்காகச் சண்டையிடும் இரண்டு வீரர்களில் ஒருவன் கேஷாகவே தந்துவிடுவதாக மற்றவனுக்கு வாக்களிக்கிறான். அங்கே பெட்டி மறைந்து பணம் மட்டும் நிற்கிறது. பெட்டி என்ற பொருள் உடனே அழிந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில்தான் அது முற்றிலும் உதிர்ந்து, பணம் என்பது ஒன்றே பொருளாக நிலைத்தது. சொல்லின் மரபுவழியும் தெளிவானது: பிரெஞ்சில் ‘கெஸ்’, இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, இரண்டுக்கும் தாய் லத்தீனின் ‘காப்ஸா’. ரோமானியர்கள் ஓலைச்சுருள் போன்ற தங்கள் நூற்சுருள்களை வைத்த உருண்டைப் பெட்டிக்கு அந்தப் பெயர் இருந்தது. கொள்ளுதல், பிடித்தல் என்ற பொருளுள்ள ‘காப்பெரே’ என்ற வினையடியிலிருந்து வந்தது அது. ஆங்கிலத்தில் பெட்டியைக் குறிக்கும் கேஸ், மருந்துக்கடையில் நாம் வாங்கும் கேப்ஸ்யூல் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

காலக்கணக்கு இங்கே கைகொடுக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சாசனம் பெற்றது 1600 டிசம்பர் 31இல். மசூலிப்பட்டினத்தில் அவர்கள் கிடங்கு வைத்தது 1611இல். சென்னைக் கடற்கரையில் நிலம் கிடைத்தது 1639இல். அதாவது லண்டன்வாசிகள் கேஷ் என்ற சொல்லை மேடையிலும் அகராதியிலும் வழங்கிவந்தபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலக் கம்பெனிக்குக் கிடங்கு ஒன்றுகூட இல்லை. அதற்கும் முன்னே செல்லலாம். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் அச்சில் விரிவாக விளக்கிய லூக்கா பச்சோலியின் நூல் வெனிஸ் நகரில் 1494இல் வெளிவந்தது. அதில் காஸ்ஸா என்பது வெறும் மரப்பெட்டியாக இல்லை. வரவும் செலவும் எழுதப்படும் ஒரு கணக்குத் தலைப்பாகிவிட்டது. வணிகன் பணம் பெற்றால் காஸ்ஸா பற்று, கொடுத்தால் காஸ்ஸா வரவு. பெட்டியின் பெயர் பணத்தின் பெயராக மாறும் திருப்பம் அந்தக் கணக்கேட்டுப் பழக்கத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498 மே மாதம். அவருடைய கப்பல் கரை தொடுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இத்தாலிய அச்சுக்கூடத்தில் காஸ்ஸா பணக் கணக்காகிவிட்ட பிறகு, காசை அதற்குத் தந்தையாக்க வழியில்லை.

பெட்டியின் பெயர் பணத்துக்கு எப்படி ஆகும் என்று கேட்கலாம். ஐரோப்பிய நிதிச் சொற்கள் பல பணம் வைக்கும் பொருளிலிருந்தும் இடத்திலிருந்தும் பிறந்தவையே. அரசுக் கருவூலத்தைக் குறிக்கும் லத்தீனின் ‘ஃபிஸ்குஸ்’ முதலில் பின்னிய கூடை. பட்ஜெட் என்பது பிரெஞ்சுக்காரரின் சிறு தோல்பை. பேங்க் என்பது இத்தாலிய நாணய மாற்றுக்காரர் கடைவிரித்த பலகை. நம் உண்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் காணிக்கை இடும் பெட்டியும் உண்டியல். நகரத்தார் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பணம் அனுப்ப எழுதிய மாற்றுச் சீட்டும் உண்டியல். பெட்டிக்கும் பணத்துக்கும் ஒரே பெயர் வழங்குவது எந்த மொழிக்கும் இயல்பான வேலை. கேஷ் அந்தப் பெரிய கூட்டத்தில் ஒன்று. காசிலிருந்து அது வந்தது என்போர், அதன் மிகப் பழைய பதிவுகளில் பெட்டி என்ற பொருள் ஏன் வருகிறது என்பதற்கு விடை சொல்ல வேண்டும். காசு தமிழில் எந்தக் காலத்திலும் பெட்டியைக் குறித்ததில்லை.

ஒலியைக் காட்டி ஒரு மறுப்பு வருவதுண்டு. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இறுதி ஒலி ‘ஸ்’. ஆங்கிலத்தில் மட்டும் ‘ஷ்’ எங்கிருந்து வந்தது, இது வேறு மூலத்தைக் காட்டவில்லையா என்கிறார்கள். காட்டவில்லை. பிரெஞ்சுச் சொற்களை வாங்கும்போது ஸகரத்தை ஷகரமாக்குவது ஆங்கிலத்தின் பழைய பழக்கம். நாய்க்கயிற்றைக் குறிக்கும் ‘லீஷ்’ பிரெஞ்சில் ‘லெஸ்’. நாம் பல் துலக்கும் ‘பிரஷ்’ அங்கே ‘ப்ரோஸ்’. ‘புஷ்’ என்ற வினை ‘பூஸ்ஸே’ என்பதிலிருந்து வந்தது. படையிலிருந்து ஒருவனை அவமதித்து நீக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றே ஒரு வினைச்சொல் உண்டு. பணம் எண்ணும் கேஷியருக்கும் அதற்கும் உறவே இல்லை. உடைத்தல், செல்லாததாக்குதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சின் ‘காஸ்ஸே’ டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அப்படி மாறியது. அதுவும் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நுழைந்தது. கேஷில் உள்ள ஷகரத்தை விளக்க ஆங்கிலத்தின் இந்தப் பழக்கமே போதும்.

இதைவிட அழுத்தமாகச் சொல்லப்படுவது, ஓசையும் பொருளும் இவ்வளவு நெருக்கமாகத் தற்செயலாக அமையுமா என்ற கேள்வி. அமையும். கெட்டது என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பேட்’, பாரசீகத்தில் ‘பத்’. ரோமன் எழுத்தில் இரண்டையும் ஒரேபோல் எழுதுவார்கள், பொருளும் ஒன்றே. ஆயினும் பாரசீகச் சொல்லின் முந்தைய வடிவம் ‘வத்’ என்பது இடைக்காலப் பாரசீக ஏடுகளில் இருக்கிறது. பின்னோக்கிச் செல்லச் செல்ல அந்த இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. உண்மையான உறவு உள்ள சொற்கள் பின்னோக்கிச் செல்லும்போது நெருங்கவேண்டும். காசுக்கும் கேஷுக்கும் இதே சோதனையை வைத்தால், ஒன்று பழந்தமிழ் அணிகலனுக்கும் மற்றது ரோமானிய நூற்பெட்டிக்கும் போய்ச் சேர்கின்றன. அந்த இடங்களில் இரண்டுக்கும் ஓசையும் ஒட்டவில்லை, பொருளும் ஒட்டவில்லை.

அப்படியானால் ரோமானிய வணிகம் இருக்கிறதே, அரிக்கமேடும் முசிறியும் இருக்கின்றனவே, லத்தீனின் காப்ஸாவே தமிழிலிருந்து போயிருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ரோமோடு நமக்கு இருந்த வணிகம் பெரியது. முசிறியில் ஏற்றிய சரக்கைப் பற்றிய கடன் ஒப்பந்தமே பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. ஆனால் வணிகம் இருந்தது என்பது சொல் கடந்தது என்பதற்குச் சான்றாகிவிடாது. காப்ஸா நாணயச் சொல்லாகப் போயிருந்தால் லத்தீனில் அதன் முதற்பொருள் நாணயமாக இருந்திருக்க வேண்டும். அங்கே அது நூல் வைக்கும் பெட்டி. ஸ்பானிய மொழியில் ‘காஹா’, போர்த்துக்கீசியத்தில் ‘கைஷா’ என்று அதன் வழித்தோன்றல்களும் பெட்டி என்ற பொருளையே அடிப்படையாகக் கொண்டவை. இந்த வாதத்தை இனி விட்டுவிடுவது நமக்கு நல்லது.

இங்கே நிறுத்திவிட்டால் கதையின் பாதியைத்தான் சொன்னதாகும். ஆங்கிலத்தின் பெரிய அகராதிகள் கேஷ் என்ற தலைப்பின் கீழ் இரண்டு தனிச் சொற்களை வைக்கின்றன. இரண்டாவதற்கு அவை சொல்லும் பொருள் இந்தியாவிலும் கீழை நாடுகளிலும் புழங்கிய மதிப்புக் குறைந்த சிறு நாணயம். அவை சொல்லும் மூலம் போர்த்துக்கீசியம் வழியாக வந்த தமிழ்க் காசு. இதற்கு நேர்ச் சான்றுகள் நிறைய உண்டு. இத்தாலியப் பயணி வர்த்தேமா தன் பயண நூலை 1510இல் ரோமில் அச்சிட்டபோதே, தென்னிந்தியாவில் புழங்கும் சிறு நாணயங்களில் ‘காஸ்’ என்ற ஒன்றைக் குறித்துவிட்டார். போர்த்துக்கீசியர் கேட்ட காசு அவர்கள் எழுத்தில் ‘கைஷா’ ஆயிற்று. பெட்டியைக் குறிக்கும் அவர்களுடைய சொந்தச் சொல்லும் அதுவே. அறிமுகமில்லாத அயல்சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்த்துக்கொள்வது எல்லா மொழிக்காரர்களும் செய்வது. லத்தீன் வழிப் பெட்டியும் தமிழ்வழிக் காசும் முதன்முதலில் ஒரே உருவம் எடுத்தது இப்படித்தான். லண்டனுக்கு முன்பே, போர்த்துக்கீசிய மாலுமிகளின் நாவில் அது நடந்துவிட்டது.

1511இல் அஃபோன்ஸோ த அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்த துறைமுகம் அது. நகரத்தைக் கைப்பற்றியதும் வெள்ளீயத்தில் நாணயம் அடிக்கச் செய்தார். அங்கிருந்து கிழக்கே போன போர்த்துக்கீசியர், ஜாவாவில் நடுவே ஓட்டையுள்ள சீன நாணயங்கள் புழங்குவதைக் கண்டார்கள். அவற்றுக்கும் கைஷா என்ற பெயரையே இட்டார்கள். 1512க்கும் 1515க்கும் இடையில் மலாக்காவில் இருந்து தோமே பிரெஸ் எழுதிய கிழக்குலகக் குறிப்புகளில் இந்த வழக்கு வந்துவிடுகிறது. டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் வெளியானது. சுந்தா நாட்டில் கைஷா என்ற மெல்லிய செப்புக்காசு தவிர வேறு நாணயமில்லை என்றும், நடுவில் உள்ள ஓட்டையில் கயிறு கோத்துச் சரம் சரமாகக் கட்டுவார்கள் என்றும் அதில் ஆங்கில வாசகர்கள் படித்தார்கள். ஃப்ளோரியோவின் அகராதி வந்ததும் இதே ஆண்டுதான். இத்தாலியப் பெட்டிவழி வந்த கேஷும், தமிழ்க் காசுவழி வந்த கைஷாவும் ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், இரண்டு வேறு புத்தகங்களில் அச்சேறின. ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. பின்னர் ஆங்கிலேயர் கைஷாவைத் தங்கள் நாவுக்கு ஏற்பச் சுருக்கியபோது, ஏற்கெனவே கையிலிருந்த கேஷ் அதற்கு அச்சாக உதவியது. பிறப்பில் அயலான இரண்டு சொற்கள் உருவத்தில் இரட்டையர் ஆயின.

சீனர்கள் அந்தச் சதுர ஓட்டை நாணயத்தைத் தங்கள் மொழியில் ‘வென்’ என்றும் ‘சியென்’ என்றும் சொன்னார்கள். கி.மு. 221இல் சீனத்தை ஒன்றுபடுத்திய சின் பேரரசு நாடெங்கும் பரப்பிய வடிவம் அது. கி.பி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த வடிவம் தொடர்ந்தது. உலக நாணயவியலில் இவ்வளவு நீண்ட வாழ்வு பெற்ற வேறு நாணய வடிவத்தைக் காண்பது அரிது. அதற்கு இன்று ஆங்கிலத்தில் எழுதும் அறிஞர்கள் எல்லோரும் வழங்கும் பெயர் கேஷ். சீன நாணயத்தோடு, அதைப் பார்த்து வார்க்கப்பட்ட வியட்நாம், கொரிய, ஜப்பானிய நாணயங்களையும் அவர்கள் அப்படியே சொல்கிறார்கள். காவிரிக்கரையில் பிறந்த பெயர் மஞ்சள் ஆற்றங்கரையின் செப்புக்காசுக்கு நிலைத்த பெயரானது சிறிய செய்தியா?

சென்னையிலோ அது ஆட்சிக் கணக்கின் அலகாகவே ஆயிற்று. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக வராகனுக்கு 3,360 காசு. கம்பெனி எழுத்தர்கள் வராகனைப் பகோடா என்றும், பணத்தை ஃபனம் என்றும், காசைக் கேஷ் என்றும் மூன்று பத்திகளாகக் கோட்டை ஏடுகளில் எழுதினார்கள். காசே கேஷின் மூலம் என்போர் கவனிக்க வேண்டிய இடம் இது. கம்பெனி எழுத்தருக்கு இருப்புப் பணம் முழுவதும் ஒரு கேஷ். வராகனில் 3,360இல் ஒரு பங்கு இன்னொரு கேஷ். அவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. பர்மிங்காம் அருகே மேத்யூ போல்ட்டனின் சோஹோ அக்கசாலையில் நீராவி இயந்திரத்தால் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்கள் சென்னைக்குக் கப்பலேறின. 20 காசின் ஒரு பக்கத்தில், இருபது காஸ் நான்கு ஃபலூஸ் என்று பாரசீக எழுத்தில் பொறித்திருந்தார்கள். 1808ஆம் ஆண்டு பொறித்த அத்தகைய காசுகளைச் சுமந்து புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கம்பெனிக் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்கே குட்வின் மணல்திட்டில் புதைந்தது. 1980களில் மூழ்காளர்கள் மேலே கொண்டுவந்த அந்தக் காசுகள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர் கைகளில் இருக்கின்றன. தரங்கம்பாடியில் டேனியர், பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் என்று இந்தக் கரைக்கு வந்த ஒவ்வொருவரும் காஸ், காஷ் என்று தத்தம் நாவுக்கேற்ப இதே பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அகராதி செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள், அவர்கள் தமிழின் பங்கை மறைத்திருப்பார்கள் என்ற ஐயத்தையும் நான் கேட்டிருக்கிறேன். காலனிய அறிவுத்துறையின் மீது ஐயம் கொள்வதில் தவறில்லை. ஆனால் இந்த வழக்கில் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. கட்டுமரத்தையும் சுருட்டையும் குருந்தக் கல்லையும் தமிழுக்கு எழுதிவைத்தவர்கள் அவர்களே. நாணயக் கேஷைக் காசுக்கு எழுதியவர்களும் அவர்களே. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதியை யூலோடு சேர்ந்து தொகுத்த பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னாட்டு மொழிகளும் சமஸ்கிருதமும் கற்றவர். காசைத் தமிழுக்குக் கொடுத்த அதே நூல், அதன் பின்னால் சமஸ்கிருதத்தின் ‘கர்ஷ’ என்ற எடைப்பெயர் இருப்பதாகவும் சொல்கிறது. திராவிட வேர்ச்சொல் ஆய்வாளர்கள் காசைத் திராவிடச் சொல்லாகவே கொள்கிறார்கள். கர்ஷத்தோடு சேர்ந்த ‘கார்ஷாபணம்’ பாலியில் ‘கஹாபணம்’ ஆனதைப் பார்க்கும்போது, ரகரமும் ஷகரமும் கரைந்து ஹகரமாகும் அந்தப் போக்கிலிருந்து காசு என்ற வடிவத்தைப் பெறுவது எளிதாகத் தோன்றவில்லை. நான் திராவிட மூலத்தின் பக்கம் சாய்கிறேன். எப்படியானாலும் போர்த்துக்கீசியர் அதைக் கேட்டது நம் கடற்கரையில், நம் மக்கள் வாயிலிருந்து.

1818இல் சென்னை மாகாணத்துக்கு ரூபாயே நிலையான நாணயம் என்று கம்பெனி முடிவு செய்ததும் வராகனும் பணமும் காசும் அரசுக் கணக்கிலிருந்து விலகத் தொடங்கின. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் அம்மன் காசை 20ஆம் நூற்றாண்டிலும் அடித்தார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1949இல் கொச்சியோடு இணையும் காலம் வரை இருந்தது. அந்த நாணயங்களில் ஆங்கில எழுத்தில் கேஷ் என்றே பொறித்திருக்கும். சொற்பட்டியல் தொகுக்கும் ஆசிரியர்களையும் மலர்க்குழுவினரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காசிலிருந்து கேஷ் வந்தது என்று மொட்டையாக எழுதி, எந்த அகராதியையும் புரட்டி யாரும் மறுக்கும்படி வைக்காதீர்கள். சென்னையிலும் ஜாவாவிலும் சீனத்திலும் புழங்கிய சிறு நாணயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கேஷ் என்ற பெயர் காசிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். அதை யாராலும் மறுக்க முடியாது. காசோடு கோட்டை ஏட்டில் பக்கத்துப் பத்தியில் இருந்த ஃபனத்தின் கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.